தாழியின் முகவரி: தொல்பொருளைப் பதிவதும் தெரிந்தெடுப்பதும்

எங்கள் மாமா புது வீட்டின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது எனக்குப் பத்து வயது. தாமிரபரணிக்குத் தென்கரையில் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம் அது. இடுப்பளவு ஆழம் போனதும் மண்வெட்டியின் ஓசை மாறியது. மண்ணை ஒதுக்கினால் ஒரு பெரிய பானையின் வாய் தெரிந்தது. தோண்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி, "ஏலே, தள்ளி நில்லு. மதமதக்கத் தாழி இது" என்றார். அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆச்சி வந்து பார்த்துவிட்டு ஒரு துண்டு சூடம் கொளுத்தச் சொன்னாள். மாமாவுக்கு உள்ளே பொன் இருக்குமோ என்று ஆசை. தாழியை உடைத்து உள்மண்ணைக் கொட்டினார்கள். கறுத்த மண், நொறுங்கிய எலும்பு, இரண்டு சின்னக் கிண்ணங்கள், துருவேறிய ஓர் இரும்புத் துண்டு. சாயங்காலத்துக்குள் எல்லாம் வானத்துக்குள்ளேயே கல்லோடு கல்லாகப் போய்விட்டது. வட்டமாகத் தேய்த்த ஒரு பானையோட்டுச் சில்லை மட்டும் பாண்டி விளையாட நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று எது அழிந்தது என்று விளங்க எனக்கு இருபது வருடம் ஆயிற்று. தாழிகள் நெல்லைச் சீமையில் எத்தனையோ கிடைக்கும். அந்தத் தாழி எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில், உள்ளே எதை எந்த வரிசையில் வைத்துக்கொண்டு இருந்தது என்ற செய்தி அன்றோடு முடிந்தது. அதைத்தான் தாழியின் முகவரி என்கிறேன். அகழாய்வில் பதிவேடு எழுதுவது, கிடைத்ததில் எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்தெடுப்பது, இவற்றைச் சுற்றி நிற்கும் சட்டங்கள் எல்லாமே இந்த முகவரியைக் காப்பாற்றத்தான். இத்துறைக்குப் புதியவர்களுக்காக அதை முடிந்தவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முகவரி எப்படி எழுதப்படுகிறது

அகழாய்வுத் தளத்தில் முதலில் கயிறு கட்டித் தரையைச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்பது பரவலான அளவு. அதை நான்கு கால்குழிகளாக்கி, நடுவில் வரப்புப் போலக் கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் விடுவார்கள். அந்த வரப்பின் பக்கச் சுவரில்தான் மண்ணடுக்குகள் தெரியும். நிறம் மாறும் இடம், சாம்பல் படிந்த இடம், வெள்ளம் கொண்டுவந்த மணல் எல்லாம் அங்கே வரிவரியாக இருக்கும். பொதுவாகக் கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு பிந்தியது. எலி வளையும், பின்னாளில் யாரோ தோண்டிய குழியும் இந்த வரிசையைக் குலைத்திருக்கும். அதனால் அவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பொருள் கிடைத்தால் அதை எடுப்பதற்கு முன் படம் எடுத்து, ஆழம் அளந்து, ஒரு சீட்டு எழுத வேண்டும். கற்பனையாக ஒரு பதிவு எழுதிப் பார்ப்போம்: "குழி 4, கால்குழி 2, அடுக்கு 3, ஆழம் 86 செ.மீ., வடக்குச் சுவரிலிருந்து 1.20 மீ., தாழி 7-க்கு வெளியே, தெற்குப் பக்கம் ஒட்டி." இதற்குப் பிறகுதான் பொருளின் பெயர், நீள அகலம், எடை, எதனால் ஆனது, எந்த நிலையில் இருந்தது, யார் எடுத்தது, எந்தத் தேதி என்பதெல்லாம் வரும். பொருளுக்குத் தொடர் எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணே சீட்டிலும் பையிலும் புகைப்படத்திலும் வரைபடத்திலும் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் 4 என்பது 9 ஆகிவிட்டால் பொருள் வேறு குழிக்குக் குடிபோய்விடும். பிறகு அதைத் திரும்ப அழைத்துவர யாராலும் முடியாது.

"தாழி 7-க்கு வெளியே" என்ற சொற்களைக் கவனியுங்கள். ஓர் இரும்பு வாள் தாழிக்கு உள்ளே இருந்தால் ஒரு அர்த்தம், வெளியே சாய்த்து வைத்திருந்தால் வேறு அர்த்தம். புதைத்தபோது வைத்ததா, மூடியபின் வந்து படைத்ததா என்று கேட்கவாவது அந்தச் சொற்கள் வேண்டும்.

தாழிக்கு உள்ளே இருக்கும் மண்ணும் பொருள்தான். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல்லை அமெரிக்காவில் மியாமி நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 1155 என்று வந்ததை 2021-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொருநை என்ற தாமிரபரணிக் கரைக்கு 3,200 ஆண்டுப் பழமை என்று எல்லோரும் பேசத் தொடங்கியது அந்த நெல்லை வைத்துத்தான். தாழியைக் கழுவிச் சுத்தமாக்கிப் படம் எடுக்கலாம் என்று யாராவது முதல் நாளே தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த நெல் வாய்க்காலோடு போயிருக்கும். மாமா கொட்டிய கறுத்த மண் இன்றும் என் நினைவுக்கு வருவது இதனால்தான்.

பெயர் வைப்பது அத்தனை எளிதல்ல

பதிவேட்டில் புதியவர் செய்யும் பெரிய தவறு, பார்த்ததும் பெயர் வைத்துவிடுவது. பாண்டி விளையாட நான் எடுத்தேனே, அந்தச் சில்லு மாதிரியானவை நம் பக்கத்து அகழாய்வுகளில் குவியலாகக் கிடைக்கின்றன. பிள்ளைகளின் விளையாட்டுக் காய் என்பது ஒரு கருத்து. நடுவில் துளை இருந்தால் நூல் நூற்கும் தக்களியின் வட்டாக இருக்கலாம். சிறு கலத்தின் மூடியாகவும், எடைக்கல்லாகவும், கணக்கு வைக்கும் வில்லையாகவும்கூட இருக்கலாம். பதிவேட்டில் "ஆட்டக்காய்" என்று எழுதிவிட்டால் அடுத்த ஐம்பது வருடம் அது ஆட்டக்காய்தான். பின்னால் வருகிறவர் எடைக்கற்களைத் தேடினால் இது அவர் கண்ணில் படாது.

ஆகவே முதலில் கண்ணால் கண்டதை எழுத வேண்டும்: "வட்டமாகத் தேய்த்த கறுப்பு-சிவப்புப் பானையோடு, விட்டம் இவ்வளவு, எடை இவ்வளவு, ஓரம் மழமழப்பு, துளை இல்லை." நம் ஊகத்தைத் தனிக் கட்டத்தில், ஊகம் என்றே தெரியும்படி எழுதலாம். தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் கிடைத்த நீள்வட்டப் பொன்தகடுகளுக்கு நூறு வருடத்துக்கு முன்பே நெற்றிப்பட்டம் என்று பெயர் வைத்தாயிற்று. அந்தப் பெயர் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தத் தகட்டைப் பார்க்கிற எவருக்கும் இன்று ஒரு நெற்றி தெரியாமல் இருக்காது. பெயரின் பலம் அப்படி.

குறியீடு கீறிய பானையோடுகளில் இது இன்னும் நுட்பம். நம்பியாற்றுப் படுகையில் துலுக்கர்பட்டியில் அப்படிப்பட்ட ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. "புலி" என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் எழுதிய ஓடும் அங்கே கிடைத்தது. ஓட்டில் இருப்பது வேண்டுமென்றே கீறிய குறியா, மண்வெட்டி பட்ட தடமா, சூளையில் விழுந்த வெடிப்பா? சுடுவதற்கு முன் கீறியதா, பின்பா? இவற்றைப் பிரித்துப் பதிந்தால்தான் பிற ஊர்க் குறிகளோடு ஒப்பிட முடியும். புகைப்படம் ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் கீறல் மறைந்துவிடும். அதனால் பக்கவாட்டு வெளிச்சத்திலும் ஒன்று எடுப்பார்கள், கையால் வரைந்தும் வைப்பார்கள்.

எதை வைத்துக்கொள்வது

வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு அகழாய்வு என்றால் பொன்னும் வாளும். தளத்தில் வேலை செய்கிறவரைக் கேட்டால், பானையோடு, பானையோடு, மறுபடியும் பானையோடு என்பார். ஒரு பருவத்தில் மூட்டை மூட்டையாக வரும். கழுவி, வெயிலில் உலர்த்தி, தளத்துக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட திடலில் குழிவாரியாக, அடுக்குவாரியாகப் பரப்புவார்கள். அந்தத் திடலுக்குப் பானையோட்டு முற்றம் என்று பெயர். கட்டங்களுக்கு நடுவே கால் இடறினால்கூட இரண்டு அடுக்குகள் கலந்துபோகும்.

இத்தனையையும் காலத்துக்கும் வைத்துக்கொள்ள எந்த அருங்காட்சியகத்திலும் இடம் கிடையாது. விளிம்பு, கழுத்து, அடிப்பகுதி, கைப்பிடி, வண்ணம் தீட்டியது, குறி கீறியது, எழுத்துள்ளது ஆகியவற்றை எடுத்து வைப்பார்கள். விளிம்பின் வளைவை வைத்து முழுப் பானையின் வாயகலத்தைக் கணக்கிட முடியும். ஒரு அடையாளமும் இல்லாத உடல் ஓடுகளை வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு, மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழி மூடும்போது அங்கேயே திரும்பப் புதைப்பது பல இடங்களில் வழக்கம்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. விடுவது குற்றமல்ல, எழுதாமல் விடுவது குற்றம். "அடுக்கு 3, சிவப்பு உடல் ஓடு, எண்ணிக்கை இவ்வளவு, எடை இவ்வளவு, குழியில் திரும்ப இடப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் பின்னால் வருகிறவர் அந்த ஓடுகளை எண்ணிக்கையாகவாவது பார்க்க முடியும். அந்த வரி இல்லையென்றால், எடுத்து வைத்த அழகான ஓடுகளை மட்டும் பார்த்து, அன்றைக்கு எல்லா வீட்டிலும் வேலைப்பாடு மிக்க கலத்தில்தான் சோறு உண்டார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

இன்றைய கண்ணுக்கு உதவாதது நாளைக்கு உதவும் என்பதற்கு ஆதிச்சநல்லூரைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். அங்கே உள்ள மேட்டை ஊர்க்காரர்கள் பரம்பு என்பார்கள். 114 ஏக்கர். 1876-இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகர் அங்கே தோண்டிப் பொருள்களை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்த பொருள்களின் விரிவான பட்டியல் 1915-இல் அச்சாயிற்று. பொன்தகடு, வெண்கல விலங்கு உருவங்கள், வாள், வேல் என்று எண்ணிட்ட அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதே நமக்குத் தெரியாது. அதற்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் கரித்துண்டை வைத்துக் காலம் கணிக்கும் கதிரியக்கக் கரிம முறை 1940-களின் இறுதியில்தான் பிறந்தது. ரீ காலத்தில் ஒரு கரித்துண்டை யார் பொருளென்று மதித்திருப்பார்கள்?

அந்த முறை வந்த பிறகும் நாம் சுறுசுறுப்பாக இருந்தோம் என்று சொல்ல முடியாது. மத்தியத் தொல்லியல் துறை 2004, 2005-இல் அதே பரம்பில் மறுபடி தோண்டி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொண்டுவந்தது. அந்த அகழாய்வின் மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்ற காலங்கள் வந்திருப்பதாக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் சொல்லப்பட்டது 2019-இல். நடுவில் பதினான்கு வருடம். மாதிரியைத் தெரிந்தெடுத்து வைத்தால் போதாது, அதை ஆய்வுக்கு அனுப்பி அறிக்கையும் எழுத வேண்டும். தோண்டியவர் பணி ஓய்வு பெறுகிறார், சீட்டின் மை மங்குகிறது, இரும்பு துருவேறி ஏடு ஏடாக உதிர்கிறது. கொற்கை போன்ற கடற்காற்று வீசும் பக்கத்தில் உப்பு இந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். பதிவேட்டில் "வாள் 1" என்று இருக்கும், பெட்டியைத் திறந்தால் செம்பொடி இருக்கும்.

எடுக்காமல் விடுவதும் ஒருவகைத் தேர்வுதான். ஆதிச்சநல்லூரில் 2023-இல் திறந்த தள அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. திருச்செந்தூர் போகிறவர்கள் வழியில் இறங்கி ஒருதடவை பார்க்க வேண்டும். முகவரியோடு ஒரு பொருளைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது

முதல் கேள்வி, யார் தோண்டலாம்? பாதுகாக்கப்பட்ட இடங்களில் மத்தியத் தொல்லியல் அதிகாரியோ, உரிமம் பெற்றவரோ மட்டும்தான் தோண்டலாம் என்கிறது 1958-ஆம் ஆண்டுப் பழங்கால நினைவுச் சின்னங்கள் சட்டம். மற்ற இடங்களில் மாநில அரசே தோண்டுவதாக இருந்தாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஒவ்வொரு பருவத்துக்கும் டெல்லியின் அனுமதிக்குக் காத்திருப்பது இதனால்தான். மாநிலத்துக்கும் 1966-இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. பரம்பில் மத்தியத் துறையும், அதைச் சுற்றிய பகுதிகளில் மாநிலத் துறையும் தோண்டினால் ஒரே பழைய ஊரின் பொருள்களுக்கு இரண்டு பதிவேடுகள் உண்டாகும். பெர்லினிலும் சென்னையிலும் இருப்பதைச் சேர்த்தால் நான்கு. எண் முறை வேறு, சொற்கள் வேறு, மொழியும் வேறு. இவற்றை ஒரே பட்டியலாகக் கோப்பது ஒருவரின் ஆயுள் வேலை.

இரண்டாவது, கிடைத்தது யாருடையது? அகழாய்வில் கிடைத்தால், வேலை முடிந்ததும் என்னென்ன பொருள்கள் கிடைத்தன என்று நிலச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1958 சட்டம் சொல்கிறது. அரசு அவற்றைக் கையகப்படுத்த ஆணையிடலாம், அதுவரை பாதுகாப்பில் வைத்திருக்க வேண்டும். பட்டா நிலத்துக்காரர் ஒருவர் "என் விளையில் எடுத்தீர்களே, என்ன எடுத்தீர்கள்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. சரியான பதிவேடு இருந்தால் அதற்கு ஒழுங்கான பதிலும் இருக்கும்.

வானம் தோண்டும்போதோ உழும்போதோ தற்செயலாகக் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் வருகிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்பது அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும். ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளைக் குறித்து உரிமை கோருகிறவர்களை விசாரிப்பார். சொந்தக்காரர் இல்லாத புதையல் என்று முடிவானால், மூலச் சட்டத்தின்படி கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு தானே எடுத்துக்கொள்வதானால் பொருளின் மூலப்பொருள் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இந்தச் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது பொற்காசுக் குடம். தங்கத்துக்கு எடைபோட்டு விலை சொல்லலாம். கருகிய நெல்லுக்கும் எலும்புக்கும் பத்து ரூபாய்க் கணக்கில் என்ன விலை? சிவகளை நெல் சந்தையில் பத்துப் பைசா பெறாது. புதையல் என்றால் பொன் என்று ஊரே நினைப்பதும், பொன் இல்லாத தாழியை உடைத்துப் போடுவதும் இதோடு சேர்ந்த கதை.

மூன்றாவது, வைத்திருக்கலாமா, விற்கலாமா? 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத சிலை, நாணயம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள். சுவடி என்றால் 75 வருடம் போதும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாருக்கு அனுமதி இல்லை, உள்நாட்டில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். கல், உலோகம், சுடுமண் சிற்பங்கள் போன்ற சில வகைகளை வீட்டில் வைத்திருந்தாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பதிவின் வலிமையைக் கல்லிடைக்குறிச்சிக்காரர்களிடம் கேட்க வேண்டும். குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-இல் திருடுபோனார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்தில் இருந்து 2019-இல் திரும்பி வந்தார். முப்பத்தேழு வருடம் கழித்து இது எங்கள் சாமி என்று நிரூபிப்பதற்கு பக்தி மட்டும் போதாது, பழைய புகைப்படம் வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணப் படங்கள் இப்படி எத்தனையோ சிலைகளை அடையாளம் காட்டியிருக்கின்றன. மண்ணுக்குள் இருந்து திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்ததற்கு அப்படியொரு படம் எங்கேயும் இராது. அது காணாமல் போனது என்றே யாருக்கும் தெரியாது.

நிலத்துக்காரரின் பயம்

தாழி கிடைத்தால் ஊரில் முதலில் வரும் பேச்சு, "சத்தம் காட்டாத, நிலத்தை எடுத்துக்கிடுவான்" என்பதுதான். இந்தப் பயத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஓர் இடம் மத்திய அரசால் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால், 2010-ஆம் ஆண்டுத் திருத்தப்படி சுற்றிலும் 100 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டரில் கட்ட அனுமதி வேண்டும். வீடு கட்டக் கடன் வாங்கியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதே நேரம், ஒரு தாழி கிடைத்த மாத்திரத்தில் இது நடந்துவிடாது. அரசிதழில் அறிவித்து, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் கொடுத்த பிறகுதான் அறிவிக்க முடியும். பெரும்பாலும் வந்து பார்த்து, பதிந்து, எடுத்துக்கொண்டு போவதோடு முடியும். இதை யாராவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ தாழிகள் பிழைத்திருக்கும்.

உங்கள் நிலத்தில் கிடைத்தால் வேலையை நிறுத்துங்கள். பொருளை வெளியே எடுக்காமல், பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். தூரத்தில் நின்று, மரமோ கிணறோ தெரியும்படி இன்னொரு படம். ஆழத்தை அளந்து தேதியோடு எழுதுங்கள். உள்மண்ணைக் கிளறாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடாமல் காய்ந்த மண்ணையே மேலே தூவி வையுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பாண்டிச் சில்லைப் பல வருடம் தகர டப்பா ஒன்றில் வைத்திருந்தேன். மாமா காலமானபின் ஒருநாள் அதை ஒரு தொல்லியல் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞர் பொறுமையாக விட்டம் அளந்தார், எடை பார்த்தார். கறுப்பு-சிவப்பு, ஓரம் தேய்த்தது, துளை இல்லை என்று எழுதினார். பிறகு "எந்த ஆழம்ண்ணே?" என்றார். இடுப்பளவு என்றேன். யார் இடுப்பு அளவு என்று அவர் கேட்கவில்லை. தாழிக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டார். கொட்டிய மண்ணில் கிடந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தக் கட்டத்தில், அடுக்கு தெரியாமல் தரையில் பொறுக்கியதற்கு எழுதுவது போல, "மேற்பரப்புச் சேகரிப்பு" என்று எழுதினார்.